முக்கி அழும் பச்சிளங்குழந்தை

பிறந்து இரண்டு, மூன்று வாரங்களே ஆன குழந்தை, பால் குடித்த சற்று நேரத்தில் முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி உதைத்து, உடலை நெளித்து, பத்து நிமிடம், சில வேளைகளில் இருபது நிமிடம் வீறிட்டு அழுதபடி முக்குவதும், வீட்டார் கலங்கி நிற்கும்போதே இளகிய மஞ்சள் மலத்தைக் கழித்துவிட்டு உடனே அமைதியடைவதும் எண்ணற்ற வீடுகளில் நிகழும் ஒன்றாகும். இக்காட்சியைக் காணும் பெரும்பாலான குடும்பங்கள் பிள்ளைக்கு மலம் கட்டிவிட்டது என்றே முடிவுசெய்து, மருந்து தேடத் தொடங்குகின்றன. கட்டிய மலம் கெட்டியாகவே வரும், இளகி வராது என்னும் எளிய உண்மை, அழுகையால் எழும் பதற்றத்தில் எவர் கண்ணிலும் படுவதில்லை. குழந்தையின் துன்பம் அதன் முகத்தில் தெரிகிறது. ஆனால் அத்துன்பத்தின் காரணத்தைத் துணியில் கிடக்கும் மலம்தான் சொல்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமையால் பச்சிளங்குழந்தைகளுக்கும், அவர்களைப் பெற்ற தாய்மார்களுக்கும் இழைக்கப்படும் தீங்கு சிறிதன்று.

மருத்துவத்தில் இந்நிலை 'டிஸ்கீசியா', அதாவது மலம் கழிப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு, என்று வழங்கப்படுகிறது. உடலுறுப்பில் குறையேதும் இல்லாமல் அதன் இயக்கத்தில் மட்டும் தோன்றும் வயிற்று, குடல் கோளாறுகளை வகைப்படுத்துவதற்காக உலக நாடுகளின் வல்லுநர்கள் கூடி வகுத்த 'ரோம் அளவைகள்' என்னும் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு 1999-இல் வெளிவந்தபோது, குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் இந்நிலையும் இடம்பெற்றது. ஆம்ஸ்டர்டாம் நகரின் குழந்தை மருத்துவர் மார்க் பென்னிங்காவும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட, நான்காம் பதிப்பின் சிறுகுழந்தைப் பகுதியின்படி, ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட, வேறெந்த நோயும் இல்லாத குழந்தை, மலம் கழிப்பதற்கு முன் குறைந்தது பத்து நிமிடம் முக்கி அழுது, அதன் பின் இளகிய மலத்தைக் கழித்தாலோ, கழிக்க முயன்று முடியாமற் போனாலோ அது டிஸ்கீசியா எனக் கொள்ளப்படும். பெரும்பாலான குழந்தைகளிடம் இது முதல் இரண்டு, மூன்று மாதங்களில் தோன்றி, சில வாரங்களில் எவ்வித மருத்துவமும் இன்றித் தானே மறைகிறது.

தானே மறைவதற்குக் காரணம் இது நோயன்று, ஒரு கற்றல் என்பதே. வளர்ந்த மனிதர் மலம் கழிக்கும்போது ஏறத்தாழ ஒரே கணத்தில் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. ஒருபுறம் மூச்சை அடக்கி, உதரவிதானத்தைக் கீழே தள்ளி, வயிற்றுத் தசைகளை இறுக்குவதால் வயிற்றறையின் உள்ளழுத்தம் கூடுகிறது; மறுபுறம் இடுப்புத் தளத்தின் தசைகள் தளர்ந்து வழிவிடுகின்றன. இடுப்புத் தளம் என்பது இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் தொட்டிலைப் போல விரிந்து மேலுள்ள உறுப்புகளைத் தாங்கும் தசைப்பரப்பு. அதன் ஒரு பகுதியான பியூபோரெக்டாலிஸ் தசை, மலக்குடலின் பின்புறமாகச் சுற்றிவந்து அதை முன்னோக்கி இழுத்துப் பிடிப்பதால், மலக்குடலும் ஆசனவாயும் சேருமிடத்தில் ஒரு மடக்கு உண்டாகிறது. சாதாரண நேரத்தில் மலம் தானே வெளியேறாமல் காப்பது இந்த மடக்கும், ஆசனவாயைச் சுற்றியுள்ள இரண்டு சுருக்குத் தசைகளும் ஆகும். உள்சுருக்குத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. மலக்குடலில் மலம் நிறைந்து சுவர் விரிந்ததும் அனிச்சையாகத் தளர்ந்துவிடும். வெளிச்சுருக்குத் தசையும் பியூபோரெக்டாலிஸும் விருப்பத்துக்குக் கட்டுப்படுபவை. தளரவேண்டிய நேரம் எது என்பதை உடல் பழகிப் பழகியே அறியும்.

பச்சிளங்குழந்தை இதைப் பழகியிருக்க வாய்ப்பே இல்லை. கருப்பையில் அது பனிக்குட நீரை விழுங்கிப் பழகியது. குடலை அசைத்துப் பழகியது. மார்பை விரித்துச் சுருக்கி மூச்சுக்கான ஒத்திகையையும் பார்த்தது. ஆனால் கழிவுகளைத் தொப்புள்கொடி வழியாகத் தாயின் உடலே ஏற்று நீக்கியதாலும், குடலில் சேர்ந்த முதல் மலம் பெரும்பாலும் பிறக்கும்வரை உள்ளேயே தங்கியிருந்ததாலும், மலத்தை வெளியேற்றும் செயல் அதற்குப் பிறந்த பிறகே தொடங்குகிறது. மலக்குடல் நிறைந்த உணர்வு வந்ததும் அது முக்குகிறது. அதே நேரத்தில், தளர வேண்டிய இடுப்புத் தளத்தையும் சேர்த்து இறுக்கிவிடுகிறது. வாய் கட்டிய மூட்டையை அழுத்துவது போன்ற இந்நிலையில், அழுத்தம் எவ்வளவு கூடினாலும் உள்ளிருப்பது வெளிவருவதில்லை. முயன்று, களைத்து, தற்செயலாக ஒரு கணம் இடுப்புத் தளம் தளரும்போது, இளகிய மலம் தடையின்றி வெளியேறிவிடுகிறது. அந்தத் தற்செயல் பலமுறை நிகழ்ந்து நிகழ்ந்தே வழக்கமாகிறது.

அழுகைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிறந்த குழந்தையின் வயிற்றுத் தசைகள் வலுவற்றவை. மல்லாந்து படுத்த நிலையில் புவியீர்ப்பின் துணையும் அதற்குக் கிடைப்பதில்லை. அடிவயிற்றிலிருந்து எழும் அழுகையோ வயிற்றறையின் அழுத்தத்தைப் பெரிதும் உயர்த்தக்கூடியது. எனவே குழந்தையின் அழுகையை வலியின் வெளிப்பாடாக மட்டுமன்றி, வயிற்றை அழுத்துவதற்கு அதன் வசமுள்ள கருவியாகவும் வல்லுநர்கள் கருதுகின்றனர். குடல் நிறைந்த உணர்வு குழந்தைக்கு அசௌகரியம் தருவது இயல்பே. ஆயினும் உள்ளே காயமோ, அடைப்போ, கிழிசலோ இல்லை என்பதை, அழுகையின் முடிவில் வரும் இளகிய மலமும், அதைக் கழித்த உடனே திரும்பும் அமைதியும் உறுதிசெய்கின்றன. மாலை வேளைகளில் காரணமின்றி மணிக்கணக்கில் நீடித்து, மலம் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் அடங்காத 'கோலிக்' என்னும் அழுகையிலிருந்து இது வேறுபடுவதும் இந்த இடத்தில்தான்.

மலச்சிக்கல் எது, எது அன்று என்பதை அறியப் பச்சிளங்குழந்தையின் இயல்பான மலம் எப்படி மாறிவருகிறது என்பதைத் தெரிந்திருத்தல் வேண்டும். முதல் ஓரிரு நாள்களில் வெளிவருவது கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டும் 'மெக்கோனியம்' என்னும் முதல் மலம். நிறைமாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் இதை முதல் 24 மணி நேரத்திலும், ஏறத்தாழ அனைவரும் 48 மணி நேரத்துக்குள்ளும் கழித்துவிடுவர். சீம்பாலுக்கு இம்மலத்தை இளக்கி வெளியேற்றும் தன்மை உண்டு. முதல் மலம் குடலில் தங்கினால் அதிலுள்ள பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி மீண்டும் இரத்தத்தில் கலந்து மஞ்சள்காமாலையைக் கூட்டும் என்பதால், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்த பழைய வழக்கம் இந்த ஒரு காரணத்துக்காகவேனும் கைவிடப்பட வேண்டியதாயிற்று. மூன்றாம், நான்காம் நாளில் மலம் பச்சையும் பழுப்பும் கலந்ததாகி, ஐந்தாம் நாள் அளவில் மஞ்சளாக, சிறு சிறு துகள்களுடன், நீர்த்ததாக மாறுகிறது. முதல் மாதத்தில் பால் குடிக்கும்போதெல்லாம் மலம் கழிக்கும் குழந்தையும் உண்டு. அதே குழந்தை ஆறு வாரம் கடந்தபின் ஒரு வாரம்வரை மலமே கழிக்காமலிருந்து, பிறகு இளகிய மலத்தை ஏராளமாகக் கழிப்பதும் உண்டு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையிடம் இரண்டுமே இயல்பு. எண்ணிக்கை இங்கு அளவுகோல் ஆவதில்லை. ஆட்டுப்புழுக்கைபோல் உருண்டு காய்ந்து வரும் மலமே மலச்சிக்கலின் அடையாளம்.

இனி, தமிழ்நாட்டு வீடுகளில் முக்கி அழும் குழந்தைக்கு முதலில் செய்யப்படும் உதவியைப் பார்க்கலாம். வெற்றிலைக் காம்பின் நுனியை விளக்கெண்ணெயில் தோய்த்துக் குழந்தையின் ஆசனவாயில் செருகி எடுப்பது தலைமுறைகளாக வழங்கிவரும் கைவைத்தியம். காம்பு கிடைக்காத இடத்தில் சோப்பைச் சீவிக் கூராக்கிச் செருகுவோரும் உண்டு. மருந்துக்கடையை நம்புவோர் கிளிசரின் குச்சியை வாங்குகின்றனர். மேலை நாட்டு வீடுகளில் இதே வேலைக்கு வெப்பமானியின் முனையோ பஞ்சு சுற்றிய குச்சியோ பயன்படுகிறது என்பதால், இதை நாட்டுப்புற அறியாமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. உலகெங்கும் பெற்றோர் ஒரே முடிவுக்கு வந்ததன் காரணம், இச்செயல் உண்மையிலேயே உடனடிப் பலன் தருவதுதான். ஆசனவாயின் உட்புறம் தீண்டப்பட்டதும் சுருக்குத் தசைகள் அனிச்சையாகத் தளர, ஏற்கெனவே இளகிக் காத்திருந்த மலம் வெளிவருகிறது, குழந்தை அமைதியடைகிறது, காம்பு வென்றதாக வீடு நம்புகிறது.

இந்த உடனடிப் பலனே இதிலுள்ள சிக்கல். குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியது, குடல் நிறைந்த உணர்வு வந்ததும் அழுத்தவும் தளரவும் ஒருசேர வேண்டும் என்பதை. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வரும் தீண்டலே தசையைத் தளரச் செய்துவிட்டால், உள்ளிருந்து எழும் உணர்வுக்கும் தசையின் தளர்வுக்கும் இடையே உண்டாக வேண்டிய தொடர்பு உண்டாவதில்லை. குழந்தை அத்தீண்டலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பழக்கத்துக்கு ஆளாகக்கூடும் என்று ரோம் அளவைகளை வகுத்தோர் எச்சரிக்கின்றனர். சில நாள்களுக்கென்று தொடங்கிய உதவி நாள்தோறும் தேவைப்படுவதாக மாறிவிட, அத்தேவையையே நோயின் சான்றாக வீட்டார் எடுத்துக்கொள்கின்றனர். இதனுடன் ஆசனவாயின் மெல்லிய சவ்வு கிழிவதும், சோப்பின் காரத்தால் அது புண்ணாவதும் சேர்ந்தால், அதுவரை இல்லாத உண்மையான வலி தோன்றுகிறது. வலித்த குழந்தை மலத்தை அடக்குகிறது. அடக்கப்பட்ட மலம் நீர் வற்றி இறுகுகிறது. இல்லாத மலச்சிக்கலுக்குச் செய்த வைத்தியம் இருக்கும் மலச்சிக்கலாக முடிவதற்கு இதைவிடக் குறுகிய வழி வேறில்லை.

வாய்வழியே தரப்படுபவை இன்னும் கவலைக்குரியவை. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு முதலியவற்றைத் தாய்ப்பாலிலோ நீரிலோ கல்லில் உரைத்துப் புகட்டும் உரைமருந்து, வயிறு சார்ந்த அழுகை அனைத்துக்கும் பொதுவான மருந்தாகப் பல வீடுகளில் இருந்துவருகிறது. இவற்றுள் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர்பெற்ற வசம்பில் பீட்டா-அசரோன் என்னும் வேதிப்பொருள் உண்டு; விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குவதாகக் கண்டறியப்பட்டதால், உணவில் வசம்பைச் சேர்ப்பதை அமெரிக்கா 1968-இல் தடைசெய்தது. கடுக்காய் மலத்தை இளக்கும், மாசிக்காய் அதைக் கட்டும். எவ்வளவு உரைபட்டது என்பது உரைப்பவரின் கைவலுவைப் பொறுத்தது. கல்லும் நீரும் தூய்மையாக இருந்தனவா என்பது இன்னொரு கேள்வி. மூன்று, நான்கு கிலோ எடையுள்ள உடலுக்கு, அளவு தெரியாத மருந்து எதுவும் பாதுகாப்பானதென்று சொல்வதற்கில்லை.

தேனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குழந்தையின் நாவில் தேன் தடவுவது மங்கலச் சடங்காகவும், மலத்தை இளக்கும் மருந்தாகவும் கருதப்படுகிறது. தேனில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். வளர்ந்தோரின் குடலில் நிலைபெற்றுள்ள நுண்ணுயிர்க் கூட்டம் அவற்றை முளைக்க விடுவதில்லை, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலிலோ அவை முளைத்து, நரம்புக்கும் தசைக்கும் இடையிலான செய்தியைத் துண்டிக்கும் நஞ்சை உண்டாக்கிவிடும். 'குழந்தை பாட்டுலிசம்' எனப்படும் இந்நோய் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1976-இல் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அரிதாகவே வரும் இந்நோயில் பெரும்பாலும் முதலில் தலைகாட்டும் அறிகுறி மலச்சிக்கல். அடுத்து அழுகுரல் மெலிவதும், பால் சப்பும் வலு குறைவதும், கழுத்து துவள்வதும் தொடர்கின்றன. மலச்சிக்கலுக்கென்று தேன் தரும் வீட்டில், அந்த முதல் அறிகுறியே மேலும் தேன் தருவதற்குக் காரணமாகிவிடும் அபாயம் உண்டு என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு வயதுவரை தேன் கூடாது என்னும் விதிக்கு விலக்கே இருக்கலாகாது என்பது விளங்கும்.

விளக்கெண்ணெயைப் புகட்டும்போது குழந்தை திமிறி அழுதால், எண்ணெய் உணவுக்குழலை விட்டு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் தங்கி, 'எண்ணெய் நிமோனியா' என்னும் அழற்சியை உண்டாக்கக்கூடும். மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் வழக்கத்தால் இந்நோய்க்கு ஆளான குழந்தைகளைப் பற்றித் தென்னிந்திய மருத்துவர்கள் எழுதிய பதிவுகள் உண்டு. கிரைப் வாட்டரின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்தாளுநர் 1851-இல் உருவாக்கிய அந்த நீரில் ஆல்கஹால், சதகுப்பை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சர்க்கரை ஆகியவை சேர்ந்திருந்தன. குழந்தை அமைதியடைந்ததில் ஆல்கஹாலுக்கும் இனிப்புக்கும் இருந்த பங்கை இன்று ஊகிப்பது கடினமன்று. ஆல்கஹால் பின்னர் நீக்கப்பட்டது. ஆயினும் இடுப்புத் தளத்தைத் தளர்த்தப் பழகாத குழந்தைக்கு அந்நீரால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை இவை அனைத்துக்கும் பொருந்தும்.

நம் வழக்கங்கள் எல்லாமே விலக்கத்தக்கவை என்று கொள்ளலாகாது. கழுத்து நின்ற குழந்தையை, தரையில் கால் நீட்டி அமர்ந்த தாயோ பாட்டியோ தன் இரு பாதங்களின்மேல் குந்தவைத்து, கைகளால் தாங்கிப் பிடித்து, மெல்ல ஒலியெழுப்பி மலம் கழிக்கப் பழக்கும் முறை தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் காணப்படுகிறது. குந்திய நிலையில் தொடைகள் வயிற்றோடு மடங்கும்போது பியூபோரெக்டாலிஸ் தசை தளர்ந்து, மலக்குடலின் மடக்கு நேராகிறது என்பது பெரியவர்களிடம் எக்ஸ்ரே ஆய்வுகளால் அறியப்பட்ட உண்மை. மல்லாந்து படுத்தே முக்கவேண்டிய குழந்தைக்குப் புவியீர்ப்பின் துணையையும் இந்த நிலை தருகிறது. எதையும் செருகாமல், எதையும் புகட்டாமல், உடலின் அமைப்பை மட்டும் அறிந்து செய்யப்படும் இவ்வுதவி எத்தனையோ மருந்துகளைவிட மேலானது. கழுத்து நிற்காத சிறு குழந்தைக்கும் இதன் சாரத்தை மாற்றியமைக்கலாம்: மல்லாந்து கிடக்கும் நிலையிலேயே அதன் முழங்கால்களை மெல்ல வயிற்றோடு மடக்கிப் பிடித்தல், கால்களை மாறி மாறி அசைத்தல், தலையையும் முதுகையும் முழுமையாகத் தாங்கித் தோளோடு நிமிர்த்தி அணைத்தல், வயிற்றை வெதுவெதுப்பான கையால் வட்டமாக நீவுதல் ஆகியவை குழந்தைக்கு ஆறுதல் தரும். இவை டிஸ்கீசியாவைக் 'குணப்படுத்து'வதில்லை. கற்றல் நிகழும்வரை குழந்தையைத் தனியே விடாமல் துணைநிற்கின்றன. அழுகையை நிறுத்தியே தீரவேண்டும் என்னும் அவசரம் இல்லாமல் பத்து நிமிடம் ஒரு குழந்தையை அணைத்தபடி இருப்பது எளிய செயலன்று. உறக்கமின்றிக் களைத்த தாயிடமிருந்து அந்தப் பத்து நிமிடத்தை வாங்கிக்கொள்ள இன்னொருவர் வேண்டும், அவர் தந்தையாக இருப்பதில் தடையேதும் இல்லை.

தாயைப் பற்றிய பேச்சு இங்கு தவிர்க்க முடியாதது. முக்கி அழும் குழந்தை உள்ள வீட்டில் குற்றம் பெரும்பாலும் தாயின் தட்டில்தான் தேடப்படுகிறது. வாழைக்காய் தின்றாள், உருளைக்கிழங்கு தின்றாள், குளிர்ந்த நீரைக் குடித்தாள் என்று ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, பிள்ளை பெற்று இரத்தம் இழந்து, நாள்தோறும் பால் சுரந்துகொண்டிருக்கும் உடலுக்குப் பூண்டும் மிளகும் சேர்ந்த சோறு மட்டுமே மிஞ்சுகிறது. தாகத்துக்குத் தண்ணீரைக்கூட அளந்து தரும் வீடுகள் இருக்கின்றன. பசுப்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே சென்று ஒவ்வாமையை உண்டாக்கும் சில குழந்தைகள் உண்மையில் உண்டு. ஆனால் அவர்களின் மலத்தில் பெரும்பாலும் சளியும் இரத்தமும் காணப்படும், அதை உறுதிசெய்யவேண்டியவர் மருத்துவர். இடுப்புத் தளத் தசை எப்போது தளரவேண்டும் என்று குழந்தை கற்பதற்கும், தாய் உண்ட வாழைக்காய்க்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

தாயின்மேல் சுமத்தப்படும் இன்னொரு பழி, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பது. வயிற்றில் பால் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும் ஓர் அனிச்சைச் செயல் எல்லா மனிதரிடமும் உண்டு. பச்சிளங்குழந்தையிடம் அது வலுவாக இருப்பதால், பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை மார்பை விட்டு முகத்தைத் திருப்பி, முதுகை வளைத்து முக்கி அழத் தொடங்குகிறது. மலக்குடல் நிறைந்ததன் விளைவான இச்செயலைப் பால் போதாமையாகவோ பாலின் குற்றமாகவோ பொருள்கொண்டு, புட்டிப்பாலுக்கு மாறும் குடும்பங்கள் பல. தாய்ப்பாலின் கொழுப்பில் பால்மிடிக் அமிலம் பெரும்பாலும் கிளிசரால் மூலக்கூறின் நடுவிடத்தில் பிணைந்திருப்பதால், அது செரித்து உறிஞ்சப்படுகிறது. தாவர எண்ணெய்களைக் கொண்டு செய்யப்படும் பால்மாவுகள் பலவற்றில் அது ஓரங்களில் பிணைந்திருப்பதால், செரிமான நொதியால் வெட்டுண்டு தனித்து, கால்சியத்துடன் சேர்ந்து, கரையாத சவர்க்காரம் போன்ற பொருளாகி மலத்தை இறுக்குகிறது. நீரின் அளவைக் குறைத்துப் பால்மாவைக் கெட்டியாகக் கரைத்தால் இறுக்கம் மேலும் கூடும். சில வாரங்களில் தானே மறைந்திருக்கக்கூடிய ஒன்றுக்காகத் தாய்ப்பாலைக் கைவிட்ட குடும்பத்துக்குக் கைம்மாறாகக் கிடைப்பது, முன்பில்லாத மெய்யான மலச்சிக்கலாக இருக்கக்கூடும். பிறந்த எடையை இரண்டு வார அளவில் மீட்டு, அதன் பின் நாளொன்றுக்கு இருபது, முப்பது கிராம் கூடி, ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குப் பால் போதுமானதாகவே இருக்கிறது.

இவ்வளவும் நலமான குழந்தையைப் பற்றியது. அழுகையும் முக்கலும் வேறொரு நோயின் வெளிப்பாடாக வரும் குழந்தைகளைப் பிரித்தறியத் தவறினால், பொறுமை என்பது புறக்கணிப்பாகிவிடும். கோபன்ஹேகன் நகரின் குழந்தை மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்பிரங், வயிறு பெருத்து மலம் கழிக்க இயலாமல் இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி 1886-இல் பெர்லின் மாநாட்டில் விளக்கினார். அவர் பெயரால் இன்று வழங்கும் அந்நோய் ஏறத்தாழ 5000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. கருவளர்ச்சியின்போது குடலின் மேற்பகுதியிலிருந்து கீழ்நோக்கிப் பரவிவர வேண்டிய நரம்பணுக்கள் கடைசிப் பகுதிக்கு வந்துசேராமற் போவதால், அப்பகுதி தளரவே முடியாமல் சுருங்கியே கிடக்கிறது; மேலே சொன்ன, குடல் விரிந்ததும் உள்சுருக்குத் தசை அனிச்சையாகத் தளரும் செயலும் இக்குழந்தைகளிடம் நிகழ்வதில்லை. டிஸ்கீசியா உள்ள குழந்தைக்கு எல்லா உறுப்பும் இருந்து பழக்கம் மட்டும் இல்லை. இக்குழந்தைக்கோ பழகுவதற்கான நரம்பே இல்லை. விரிந்து பெருத்த மேற்பகுதியை நோயுற்றதாகக் கருதி வந்த மருத்துவ உலகம், சுருங்கிய கீழ்ப்பகுதியே குற்றவாளி என்று உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அப்பகுதியை வெட்டி நீக்கி நலமான குடலைக் கீழிறக்கி இணைக்கும் அறுவை முறையை ஓர்வார் சுவென்சன் 1948-இல் வெளியிட்ட பின்னரே இக்குழந்தைகளுக்கு வாழ்வு கிடைத்தது. வெற்றிலைக் காம்போ கிளிசரின் குச்சியோ செருகியதும் மலமும் காற்றும் பீறிட்டு வெளிவந்து, வயிறு தற்காலிகமாகத் தணிந்து, சில நாள்களில் மீண்டும் பெருப்பது இந்நோயில் காணப்படும் ஒன்று. கைவைத்தியம் பலித்ததாக வீட்டார் எண்ணும் அந்தத் தணிவு, நோயை அறியும் நாளைத் தள்ளிப்போடுகிறது.

ஆகவே முதல் மலம் 48 மணி நேரத்துக்குள் வராத குழந்தை, வயிறு பெருத்து இறுகியிருக்கும் குழந்தை, எடை கூடாத குழந்தை, மலத்தில் இரத்தம் கலந்து வரும் குழந்தை, முதல் மாதத்திலேயே கெட்டி மலம் கழிக்கும் குழந்தை ஆகியோரை மருத்துவரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது. அழுகுரல் கரகரத்து, மஞ்சள்காமாலை நீடித்து, சோம்பிக் கிடக்கும் குழந்தையின் மலச்சிக்கலுக்குத் தைராய்டு சுரப்பின் குறை காரணமாக இருக்கலாம். ஒரு துளி இரத்தத்தில் அறியக்கூடிய இக்குறையை முதல் வாரங்களில் கண்டுபிடித்தால் மூளை வளர்ச்சி காக்கப்படும். மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்து வந்தால், அது எவ்வளவு இளகியிருந்தாலும், பித்தநாளம் அடைபட்டிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவை இரண்டு மாத வயதுக்குள் செய்யப்படும்போதே நற்பலன் மிகுதி. குழந்தை பச்சை நிறத்தில் வாந்தியெடுத்தால், பித்தம் கலந்த அந்நிறம் குடல் அடைபட்டதை அல்லது முறுக்கிக்கொண்டதைக் குறிக்கக்கூடும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. வாயில் எதையும் புகட்டாமல், வாந்தி படிந்த துணியை அப்படியே எடுத்துக்கொண்டு, 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ, குழந்தை அறுவை மருத்துவர் பணியிலுள்ள இடத்துக்கு, அதாவது சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கும், பிற ஊர்களில் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், அந்த இரவிலேயே புறப்பட்டுவிட வேண்டும்.